பார்த்ததற்கும் கூலி வேண்டும்

மம்சாபுரத்துத் தோப்புகளில் சப்பட்டை மாங்காய் இறங்கும் மாதங்களில் பழைய டீசல் பிக்கப்புகளுக்கு ஓய்வே கிடையாது. விடிவதற்குள் ராஜபாளையம் போய்ச் சேர வேண்டிய வண்டி, லோடு ஏற்றிய பிறகு ‘டக் டக்’ என்று நின்றுவிடும். நாலு பேர் தள்ளினால் கிளம்பிவிடும். மறுநாள் புது பேட்டரி. கொஞ்ச நாளில் மறுபடியும் ‘டக் டக்’. அப்புறம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள்.

பத்து வருஷம் ஓடிய பொலிரோ பிக்கப்பிலோ டாடா 207-லோ முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த்தைத்தான். டீசல் எஞ்சினைச் சுழற்ற செல்ஃப் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையின் போல்ட்டடியில் துரு ஏறி, ஓமில் நூறில் ஒரு பங்கு தடை வந்தாலே 2 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும் என்பதால் அது பளிச்சென்று எரியும், ஹாரன் அலறும், செல்ஃப் மட்டும் சுற்றாது. எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. அதற்காக அடிக்கிற பெயின்ட் எர்த் போல்ட்டடியிலும் இறங்கினால் கேட்கவே வேண்டாம்.

கண்டுபிடிப்பது கடினமல்ல. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸில், கிளாம்ப்பில் அல்லாமல் ஈய முனையிலேயே வைத்து, மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் தொட்டுக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்த வழியில்தான். உப்புத்தாளும் ஸ்பானரும் இருந்தால் இருபது நிமிஷ வேலை.

அந்த இருபது நிமிஷத்துக்கு நம் ஊரில் விலை இல்லை. “ஒயரைத் தேய்ச்சதுக்கு இருநூறா அண்ணாச்சி?” என்று கேட்பவரே, பேட்டரிக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுக்கிறார். பாகம் விற்றால்தான் எலக்ட்ரீஷியன் வீட்டில் அடுப்பெரியும் என்று நாமே ஆக்கி வைத்திருக்கிறோம். மருந்து எழுதாவிட்டாலும் டாக்டருக்கு ஃபீஸ் உண்டல்லவா? கோளாறு பார்க்கக் கூலி இவ்வளவு என்று கடைப் பலகையில் எழுதட்டும். கொடுக்கிறவரும் அளவைக் கேட்டு வாங்கட்டும்: நல்ல பேட்டரி எஞ்சின் நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில், ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் காட்ட வேண்டும். பில்லில் இந்த இரண்டு எண்ணும் இல்லையென்றால் பேட்டரியை மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

கூலி இல்லாத இடத்தில் குறுக்குவழிதான் வளரும். எஞ்சின் ஓடும்போதே பேட்டரி ஒயரைப் பிடுங்கி, வண்டி நிற்கவில்லை என்றால் ‘ஆல்டர்நேட்டர் நல்லா இருக்கு’ என்பார்கள். அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ், நன்றாக இருந்த டயோடையும் ரெகுலேட்டரையும் காலி செய்துவிடலாம். பியூஸ் போன இடத்தில் செம்புக் கம்பி சுற்றுகிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம்தான் வரும், விட்டுவிடுகிறேன்.

ஆல்டர்நேட்டரில் இன்னொரு சங்கதி. பல பழைய பிக்கப்புகளில் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் அதன் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். பம்ப்புக்கு எஞ்சின் ஆயில் போகிறது. சீல் தேய்ந்தால் அந்த ஆயில் ஆல்டர்நேட்டருக்குள் இறங்கி கார்பன் பிரஷ்ஷை நனைக்கும், சார்ஜ் குறையும். புது பேட்டரி போட்டால், அதில் இருக்கிற சார்ஜ் தீரும்வரை எல்லாம் சரியானதுபோலத் தெரியும். இதற்கிடையே பெல்ட் அறுந்தால் சார்ஜோடு பிரேக் உதவியும் போய், பெடல் கல்லாகிவிடும். லோடு வண்டியில் அது விளையாட்டல்ல.

ஓடும்போது சார்ஜ் லைட் எரிந்தால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டாதீர்கள். ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து பெல்ட்டைப் பாருங்கள். சூடு ஆறியதும் ஆல்டர்நேட்டரின் பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். ஆயில் ஒட்டினால் போக வேண்டியது பேட்டரிக் கடைக்கு அல்ல, சீல் மாற்றத் தெரிந்தவரிடம்.

(கட்டுரையாளர், வாகன மின்பழுதுப் பயிற்றுநர்)