பச்சைமண் உடன்படிக்கைகள்

1918-க்கும் 1939-க்கும் இடையே பிரித்தானியா கைக்கொண்ட அயல்நாட்டுக் கொள்கையைப் பழிப்போர், அதன் நட்புக்கள் உறுதியற்றவை என்பர். மெய்யே. ஆயின் அந்நோய் ஐரோப்பாவிற் புதிதாய்த் தோன்றியதன்று. நூற்றைம்பது ஆண்டுகட்கு முன்னரே, முதல் இரு மைசூர்ப் போர்கட்கு இடைப்பட்ட காலத்தில், நம் தமிழகத்தில் அது முற்றியிருந்தது என்பது என் துணிபு.

1769-ஆம் ஆண்டில் ஐதர் அலி பரங்கிமலை வரை வந்து சென்னையை அச்சுறுத்தியபோது, கும்பினியார் அவருடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஒருவர் தாக்கப்படின் மற்றவர் துணைபுரிதல் வேண்டும் என்பதே அதன் உயிர்நாடி. அடுத்த ஆண்டில் மராத்தியர் மைசூர்மேற் படையெடுத்தனர். ஐதர் துணை வேண்டினார்; சென்னைக் கவுன்சிலார் அசைந்திலர். 1771-இல் அவர் பெருந்தோல்வியுற்றார். எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளரைக் கேளுங்கள்: சூளை காணாத கிண்ணமும் பார்வைக்குக் கிண்ணமே, நீர் வார்த்தபின்னரே அது மண் என்பது புலப்படும்.

கவுன்சிலார் அசையாமைக்குக் காரணம் யாது? பணமுடை என்பார் உளர். அது பாதி உண்மையே. கும்பினியாரின் பழைய நண்பரான ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, ஐதருக்குத் தீராப் பகைவர். மராத்தியர் பக்கம் சாய்ந்தவர். அவருடைய அரசைத் தாங்கியது கும்பினிப் படை. அவருக்குக் கடன் கொடுத்திருந்தோருட் பலர் கும்பினி உத்தியோகஸ்தர். ஆகவே, தாங்கப்பட்டவரே தாங்கியவரை ஆட்டிவைத்தார்! 1773-இல் அவர்பொருட்டுத் தஞ்சையைக் கைப்பற்றினர். 1776-இல் மேலிடத்து ஆணைப்படி அதனைத் திருப்பியளித்தனர். அளித்த கவர்னர் பிகட்டைக் கவுன்சிலாரே சிறையிட்டனர். (1751-இல் அதே நவாபைக் காக்கத் திருச்சிராப்பள்ளிக்குச் சென்ற துணைப்படையுடன் கிளைவும் பிகட்டும் எங்கள் ஊர்வரை வந்தவர்கள்.)

கைவிடப்பட்ட நண்பர் வாளாவிருப்பாரோ? ஐதர் பிரெஞ்சுக்காரரை நாடினார். 1779-இல் ஆங்கிலேயர் மாஹேயைப் பிடித்தனர். குண்டூர் விஷயத்தில் நிஜாமையும் பகைத்துக்கொண்டனர். 1780 ஜூலையில் ஐதரின் சேனை கர்நாடகத்திற் புகுந்தது. செப்டம்பரில் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. 1781 ஜூலை முதல் நாள் பரங்கிப்பேட்டையில் சர் அயர் கூட் வென்றதை நாம் அறிவோம். கருகிய வயல்களோ, எந்த உடன்படிக்கையிலும் கையொப்பமிடாத குடியானவருடையவை.

இக்கண்கொண்டே ஐரோப்பாவையும் நோக்குக. 1925-இல் லொகார்னோவில் பிரித்தானியா மேற்கெல்லைகட்குப் பிணைநின்றது. கிழக்கெல்லைகட்கு நிற்க மறுத்தது. செக்கோஸ்லோவாக்கியா பிரான்சை நம்பியது. பிரான்சு பிரித்தானியாவை எதிர்நோக்கியது. பிரித்தானியாவோ போரை விரும்பவில்லை. 1938-இல் மியூனிச்சில் செக்கோஸ்லோவாக்கியரின் எல்லைநிலம் கைவிடப்பட்டது. அவர்தம் கோட்டைகளும் அதனோடு போயின. அதன்பின், 1939 மார்ச்சில், காத்தற்கு அதனினும் அரிய போலந்துக்குப் பிரித்தானியா வாக்களித்தது. செப்டம்பர் 3-ஆம் நாள் போரும் அறிவித்தது. ஆயின் போலந்தைக் காக்க அதன் சேனை அங்குச் சென்றதில்லை.