கண்டெழுதும் கல்வி

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1915ஆம் ஆண்டு பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் கில்பர்ட் ஸ்லேட்டர். பொருளியலை நூல்களில் மட்டும் படித்தால் போதாது, ஊர்களிலும் படிக்க வேண்டும் என்பது அவர் கருத்து. எனவே, வினாப்பட்டியல் ஒன்றை உருவாக்கி, ஊர்களுக்குச் சென்று நிலம், பயிர், தொழில், கடன் ஆகியவற்றைக் கேட்டறிந்து எழுதிவருமாறு தம் மாணவர்களை ஊக்கினார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி முதலிய ஊர்களைப் பற்றி அவர்கள் திரட்டிய செய்திகள் 1918இல் நூலாக வெளிவந்தன.

அம்மாணவர்கள் புதிய கோட்பாடு எதையும் நிறுவவில்லை. கண்டதையும் கேட்டதையும் எழுதினர். ஆயினும், இருபது ஆண்டுகளுக்குப் பின் பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மறு ஆய்வு செய்தபோது, பழைய நிலையை அறிய அம்மாணவர்களின் பதிவே அளவுகோலாயிற்று. அம்மறு ஆய்வு 1940இல் நூலாக வந்தது. 1980களில் ஆய்வாளர்கள் மீண்டும் இருவேல்பட்டுக்குச் சென்றபோதும் அப்பதிவே தொடக்கப்புள்ளியாக நின்றது. கல்லூரி மாணவர்களின் எளிய உழைப்பு, தலைமுறைகள் கடந்து பயன் தந்தது.

அத்தகைய உழைப்பு இன்றும் தேவைப்படுகிறது. அன்று படிக்க வேண்டியவை ஊர்கள்; இன்று படிக்க வேண்டியவை தொழில்கள்.

கணிப்பும் உண்மையும்

செயற்கை நுண்ணறிவு மொழிபெயர்க்கிறது; கணக்கெழுதுகிறது; ஊடுகதிர்ப் படங்களில் நோயின் அறிகுறியைத் தேடுகிறது. இதனால் எந்தத் தொழில் நிலைக்கும், எது மறையும் என்னும் கேள்வி எங்கும் எழுகிறது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியில் கால்வைக்கும் மாணவருக்கு இது வெறும் வாதப்பொருள் அன்று. வாழ்வைத் தீர்மானிக்கும் கேள்வி. அவருக்குக் கிடைக்கும் விடைகளோ பெரும்பாலும் செவிவழிச் செய்திகளாகவே உள்ளன.

அறிஞர்களின் கணிப்புகளும் ஒன்றுபடவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரே, ஆஸ்பர்ன் ஆகிய இருவரும் 2013இல் 702 தொழில்களை ஆராய்ந்து, அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு இயந்திரமயமாகும் வாய்ப்பு மிகுந்தவை என்றனர். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்புக்காக 2016இல் 21 நாடுகளை ஆராய்ந்த வேறு ஆய்வாளர்கள், அத்தகைய வேலைகள் சராசரியாக 9 விழுக்காடே என்றனர். வேறுபாட்டுக்குக் காரணம் பார்வையில் உள்ளது. முன்னவர்கள் ஒரு தொழிலை முழுமையாக ஓர் அலகாகக் கொண்டனர். பின்னவர்கள் ஒவ்வொரு பணியாளரும் செய்யும் பல்வேறு வேலைகளைக் கணக்கில் எடுத்தனர். தொழிலின் பெயர் ஒன்றாயினும் அதற்குள் செய்யப்படும் வேலைகள் பல. அவற்றுள் சிலவற்றை இயந்திரம் ஏற்கும். சில மனிதரிடமே தங்கும். சில புதிதாகத் தோன்றும்.

வங்கித்துறை இதற்குச் சான்றாகும். தானியங்கிப் பண இயந்திரங்கள் பெருகியபோது, அமெரிக்காவில் வங்கிக் காசாளர் பணியே மறைந்துவிடும் எனப் பலர் எண்ணினர். பொருளியல் ஆய்வாளர் ஜேம்ஸ் பெசன் கண்டது வேறு. நகரக் கிளை ஒன்றுக்குத் தேவைப்பட்ட காசாளர் எண்ணிக்கை 1988இல் ஏறத்தாழ 20 ஆக இருந்து, 2004இல் 13 ஆகக் குறைந்தது. செலவு குறைந்ததால் வங்கிகள் மேலும் பல கிளைகளைத் திறந்தன. எனவே காசாளரின் மொத்த எண்ணிக்கை சரியவில்லை. பணம் எண்ணும் வேலை குறைய, வாடிக்கையாளருக்கு வழிகாட்டும் வேலை வளர்ந்தது. பின்னர்க் கைப்பேசிவழி வங்கிச்சேவை பரவியபோது நிலைமை மாறி, காசாளர் எண்ணிக்கை குறையத் தொடங்கியது. ஒரு காலத்தின் உண்மை மறுகாலத்துக்குப் பொருந்தவில்லை. ஆதலால் மீண்டும் மீண்டும் நேரில் கண்டு எழுதுவோர் தேவைப்படுகின்றனர்.

மாணவரால் இயலுமா?

இளநிலை மாணவருக்கு ஆய்வு செய்யும் முதிர்ச்சி இல்லை என்பர் சிலர். அடிப்படைகளைக் கற்கவே மூன்றாண்டு போதவில்லை என்பதும் அவர்கள் வாதம். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆசிரியரின் வழிகாட்டல் இல்லாத ஆய்வு, வேறொருவர் எழுதியதைப் படியெடுக்கும் சடங்காகிவிடும். ஆனால், அது வழிகாட்டலை வலுப்படுத்தவே காரணமாகும். ஆய்வைத் தள்ளிப்போடக் காரணமாகாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில், இளநிலை மாணவர்கள் பேராசிரியர்களின் ஆய்வில் பங்கேற்கும் திட்டத்தை மார்கரெட் மெக்விகர் 1969இல் தொடங்கினார். அது இன்றும் தொடர்கிறது.

மேலும், மாணவருக்கு ஒரு தனித்த தகுதி உண்டு. தறி நெய்பவரும், தையல் கலைஞரும், சரக்குந்து ஓட்டுநரும், கடைக்கணக்கரும் அவருக்குப் புள்ளிவிவரங்கள் அல்லர். பெற்றோரும் உறவினரும் அண்டை வீட்டாரும் ஆவர். வெளியிலிருந்து வரும் ஆய்வாளரிடம் சொல்லத் தயங்குவதைத் தம் பிள்ளையிடம் அவர்கள் சொல்வர்.

அச்சுத்தொழிலை எடுத்துக்கொள்ளலாம். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்த அச்சுக்கோப்பாளரின் வேலையைக் கணினி ஏற்றுக்கொண்டது. அவர்களுள் கணினி கற்றுத் தொழிலில் நீடித்தவர் யார்? விலகியவர் எங்குச் சென்றார்? கற்க யார் உதவினார்? கூலி உயர்ந்ததா, தாழ்ந்ததா? இவற்றுக்கு விடை கூறக்கூடியவர்கள் இன்று முதுமையில் இருக்கின்றனர். வணிகவியல் மாணவரும் தமிழ் மாணவரும் கணினி அறிவியல் மாணவரும் ஒன்றாய்ச் சென்று கேட்டால், ஒரு தொழில் மாறிய வரலாறு முழுமையாகக் கிடைக்கும். அடுத்து மாறவிருக்கும் தொழிலாளிக்கு அவ்வரலாறு வழிகாட்டும்.

ஆய்வின் அறம்

பிறர் வாழ்வைக் கேட்டறிவோருக்குப் பொறுப்பும் உண்டு. ஒப்புதல் பெற்றே கேட்க வேண்டும். பெயரையும் வருவாயையும் காக்க வேண்டும். எதிர்பார்த்த விடை கிடைக்காதபோதும் கிடைத்ததை உள்ளவாறே எழுத வேண்டும். முடிவுகளைத் தகவல் தந்தவர்களுக்கே முதலில் எளிய தமிழில் எடுத்துச்சொல்ல வேண்டும். மதிப்பெண் பெற்றதும் பரணில் அடைந்துவிடும் ஆய்வேடு எவருக்கும் உதவாது. கல்லூரி நூலகங்கள் அவற்றைத் தொகுத்து, பின்வரும் மாணவர்கள் அதே தொழிலை மீண்டும் ஆராய வழிசெய்ய வேண்டும்.

தொழில்நுட்பத்தின் போக்கை ஒரு கல்லூரி மாணவரால் நிறுத்த இயலாது. ஆனால், அது தம் தெருவில் யாருக்கு வாய்ப்பளித்தது, யாரை வெளியேற்றியது என்பதை அவரால் கண்டெழுத இயலும். ஸ்லேட்டரின் மாணவர்கள் செய்ததும் அதுவே. இன்னும் இருபது ஆண்டுகளில் இன்றைய தொழில்களின் நிலையை அறிய விரும்புவோருக்கு, இன்றைய மாணவர் எழுதிவைக்கும் பக்கங்கள் கைகொடுக்க வேண்டும்.