கம்பி எட்டவில்லை!

ஏர்பஸ் ஏ380. மாடி வைத்த ராட்சத விமானம்! 2005-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி முதன்முதலாகப் பறந்தது. உலகமே வியந்தது.

ஆனால் அடுத்தடுத்த விமானங்களைக் கட்டும்போது வந்தது வினை.

விமானத்தின் முன், பின் உடல் பகுதிகள் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் தயாராயின. எல்லாவற்றையும் ஒன்றாகப் பூட்டும் இடம், பிரான்சு நாட்டின் துலூஸ் நகரம். ஒரு விமானத்துக்குள் ஓடும் மின்சாரக் கம்பியின் நீளம் சுமார் 530 கிலோ மீட்டர்! துலூசில் கம்பிகளை இணைக்கப் பார்த்தார்கள். பல கம்பிகள் எட்டவில்லை!

காரணம் என்ன? கம்ப்யூட்டர் வரைபடம்தான். "காட்டியா" என்ற வரைபட புரோகிராமின் 5-ம் பதிப்பில் துலூஸ் என்ஜினீயர்கள் வரைந்தார்கள். ஹாம்பர்க்காரர்களோ பழைய 4-ம் பதிப்பில் வரைந்தார்கள். ஓரிடத்தில் செய்த மாறுதல் மற்ற இடத்து வரைபடத்தில் சரியாக ஏறவில்லை. கம்பி வளைகிற இடத்தில் கணக்குத் தப்பினால் போதும், நீளம் பற்றாது. ஒரே சட்டைக்கு உடம்பை ஒரு நாடாவிலும், கையை வேறு நாடாவிலும் அளந்து வெட்டியது போல!

பழியைக் கம்ப்யூட்டர் மேல் போடுவது சுலபம். அது நியாயம் அல்ல. தொழிலாளர் மேல் போடுவது அதைவிட அநியாயம். இரு ஊர்க்காரர்களும் கெட்டிக்காரர்கள். அவரவர் வேலையை அவரவர் செய்தார்கள். "எல்லோரும் ஒரே பதிப்பில்தான் வரைய வேண்டும்" என்று கட்டளையிட வேண்டியது மேலிடம் அல்லவா? அந்தக் கணக்கைக் காக்க ஓர் ஆளை முதலிலேயே நியமித்திருக்க வேண்டும். (கல்யாண வீட்டில்கூட சாமான் பட்டியல் ஒருவர் கையில்தான் இருக்கும்!)

2006-ல் ஏர்பஸ் தலைவர் குஸ்தாவ் ஹும்பர்ட் பதவி விலகினார். முதல் விமானம் 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்குப் போயிற்று. அதற்குள் ஹாம்பர்க்கிலிருந்து நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் வீடு வாசலை விட்டு துலூசுக்கு வந்து, கம்பிகளைக் கையாலேயே சரி செய்தார்கள்.