ஸ்கூபா போறீங்களா? முதல்ல அந்த ஆரஞ்சு மிதவை இருக்கான்னு கேளுங்க!

குறுக்குத்துறை படித்துறையில் குதிச்சு வளர்ந்த ஆளா நீங்க? அப்போ "நமக்கு என்ன தண்ணி பயம்?"னு ஒரு தைரியம் இருக்கும். அந்தத் தைரியத்தோட அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ ஸ்கூபா டைவிங் புக் பண்றதுக்கு முன்னாடி, ஒரு நிமிஷம் இதைப் படிச்சிடுங்க.

ஆத்துல இழுத்துட்டுப் போனா கரை கண்ணுக்குத் தெரியும். கடல்ல அப்படி இல்லை. 2022 ஏப்ரலில் மலேசியாவின் மெர்சிங் கடல் பகுதியில் நாலு பேர் டைவிங் முடிச்சு மேலே வந்தாங்க. பக்கத்துல படகு இல்லை. ஒருவர் மறுநாள் மீட்கப்பட்டார். இருவரை மீனவர்கள் கண்டு காப்பாற்ற இரண்டரை நாள் ஆச்சு. 14 வயதுச் சிறுவன் பிழைக்கவில்லை.

நடுக்கடலில் மனிதத் தலை, மிதக்கும் தேங்காய் மாதிரிதான். அலை கொஞ்சம் எழும்பினாலே படகில் இருப்பவருக்குத் தெரியாது. அதுக்குத்தான் 'சர்ஃபேஸ் மார்க்கர் பாய்'. ஆளுயர நீளப் பை, பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், கூடவே நூல் சுற்றிய உருளை. மேலே வரும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் சுமார் 3 நிமிஷம் நிற்பது வழக்கம். அதுக்குள் இதில் காற்று ஊதி மேலே அனுப்பிடுவாங்க. 'நாங்க இங்கதான் வர்றோம்'னு உங்க படகுக்குத் தகவல்; 'தள்ளிப் போங்க'னு மற்ற படகுகளுக்கு எச்சரிக்கை.

எங்கே தப்பு நடக்குது?

பையை முழுசா ஊதத் தேவையில்லை. 10 மீட்டரில் ஊதின காற்று மேலே வரும்போது இரண்டு மடங்கா விரியும். அதனால அங்கே பாதி ஊதினாலே போதும். உருளையை மட்டும் உடம்போட மாட்டிக்காதீங்க. நூல் சிக்கினா பை உங்களையும் சேர்த்து மேலே இழுக்கும். வேகமா மேலே வந்தா நுரையீரலுக்கும் ரத்தத்துக்கும் ஆபத்து. சிக்கிடுச்சா, கையை விட்டுடுங்க. உருளை போனா வேற வாங்கிக்கலாம்.

இதெல்லாம் நமக்குப் புதுசும் இல்லை. தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குப் பக்கத்துல இருக்கிற கொற்கை, முத்துக்குப் பேர் போன பழைய துறைமுகம். அந்தக் கடலில் முத்துக் குளிச்சவங்க தனியா இறங்கலை. மேலே படகில் ஒருத்தர் கயிறு பிடிச்சுட்டு நிப்பார். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பாங்கன்னு ஊருல சொல்வாங்க. தங்கச்சி தாலி மேல அக்கறை இருக்கிறவன் கயிறை விடமாட்டான் இல்லையா!

இன்னிக்கு நீங்க காசு கட்டிப் போற டூர்ல மச்சான் வரமாட்டார். அதனால மூணு கேள்வி கேளுங்க. மேலே வரும்போது மிதவை விடுவீங்களா? படகு எங்கே நிக்கும்? இறங்கினவங்களையும் ஏறினவங்களையும் எண்ணுறது யார்? 1998-ல் ஆஸ்திரேலியாவில் இந்த எண்ணிக்கை தப்பினதால ஒரு தம்பதி கடலிலேயே விடப்பட்டாங்க. அவங்க திரும்பவே இல்லை.

முதல்முறை போறவங்களுக்கு மிதவையைக் கையாளுறது பயிற்சியாளர் வேலை. சர்டிஃபிகேட் வாங்கினவங்க நீச்சல் குளத்துல பலமுறை பழகிட்டுக் கடலுக்குப் போங்க. கேள்விக்குப் பதில் மழுப்பலா வந்தா, அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லைன்னு திரும்பி வந்துடுங்க.

ரீல்ஸ் அடுத்த லீவுலயும் எடுக்கலாம்!