மலைவாசம் எத்தனை நாள்?

கோடை விடுமுறை அணுகியதும் இரண்டே நாளிற் கொடைக்கானலைக் கண்டு மீளத் திட்டமிடும் நண்பர்க்கு யாம் கூறுவது இது: ஐந்து நாளேனும் தங்குக, இயலாதேல் இவ்வாண்டு செல்லற்க. ஏறக்குறைய 7,000 அடி உயரத்திற்கு வளைந்து வளைந்து ஏறும் பாதையால் முதல்நாள் தலைச்சுற்றலிற் கழியும். மறுநாள் வண்டி வரிசையிற் கழியும். இதற்குப் பெயர் ஓய்வாமோ? 1845இல் அங்கு வீடு கட்டத் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனரிமார் சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் தப்பி உடல் தேறவே மலையேறினர். உடலோ ஒரு பகலில் தேறுவதன்று. தூண்பாறையை மூடிய பனியும் நம் கைக்கடிகாரம் பார்த்து விலகுவதில்லை!

பணமில்லையே என்பர். உதகை, ஏற்காடு, கொடைக்கானல் என மூன்றிற்கும் ஓடுவதை விடுத்து ஒன்றிலே தங்கிக் கால்நடையாய்த் திரிந்தால் வண்டிச் சத்தமாவது மிஞ்சும். 2024 மே முதல் உயர்நீதிமன்ற ஆணைப்படி அங்குச் செல்லும் வெளியூர் வண்டிகட்கு இ-பாஸ் வேண்டும். அதனைச் சனி ஞாயிறு நீக்கிப் பெறுக.