பொத்தானில் இருப்பது யார் குலம்?

திண்டிவனம் பக்கத்தில் ஒரு காலனி. மகளிர் குழுக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது, கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி வந்து கையை விரித்தான். "அக்கா, இது எவ்வளவுக்குப் போகும்?" வெள்ளைக்காரர் காலத்து உலோகப் பொத்தான். அவன் ஆயாவின் வெற்றிலைப் பெட்டியில் கிடந்ததாம். ஆயாவின் தாத்தா மதராசில் ஒரு துரை வீட்டில் வேலை பார்த்தவர்.

விலை எனக்குத் தெரியாது. என்ன பொத்தான் என்று தேடிப் பார்த்தேன். இவற்றைச் சேகரிப்பதற்கென்றே உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். முறுக்கிய கயிறு போன்ற ஒரு பட்டை, அதன் மேல் ஒரு பறவையோ விலங்கோ இருந்தால், அது பெரும்பாலும் ஒரு பிரபுக் குடும்பத்தின் குலச் சின்னம். வேலைக்காரர் சீருடையில் தைப்பதற்காகச் செய்தது. பின்பக்கத்தில் லண்டன் ஃபெர்மின் போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரைப் பொறித்திருக்கும். அந்தப் பெயரும் முகவரியும் மாறிய ஆண்டுகளை வைத்துக் காலத்தைக் கணிக்கிறார்கள். சின்னத்தைத் தேட, 19ஆம் நூற்றாண்டிலேயே ஃபேர்பேர்ன் என்பவர் தொகுத்த தடித்த நூல் இருக்கிறது. ஒரே சின்னத்தைப் பல குடும்பங்கள் வைத்திருந்ததால் ஒரே பெயரில் வந்து நிற்பது கடினம். எங்கள் பொத்தானுக்கும் நாலைந்து குடும்பங்கள் வந்தன.

இங்கிலாந்தில் ஆண் வேலைக்காரர் வைத்திருப்பதே ஆடம்பரம். 1777இல் அதற்கு வரியே போட்டார்கள். எத்தனை பேர் மார்பில் தன் சின்னம் மின்னுகிறது என்பதுதான் பிரபுவின் கௌரவம். ஆக, அந்தப் பொத்தான் போட்டிருப்பவர் யார் என்று சொல்வதற்காகச் செய்ததல்ல. அவர் யாருடைய ஆள் என்று சொல்வதற்காகச் செய்தது.

துரையின் குலத்தைக் கண்டுபிடிக்க நூல் இருக்கிறது. ஆயாவின் தாத்தா பெயரை எந்த நூலில் தேடுவது? ஆயாவைக் கேட்டால்தான் உண்டு. அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது.

சென்னையில் வெள்ளைக்காரர் வீடுகளில் பட்லராகவும் சமையல்காரராகவும் வேலை செய்தவர்களில் பறையர்கள் ஏராளம். அவர்களில் நமக்குப் பெயர் தெரிந்தவர் கந்தப்பன், அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த அவர்தான் திருக்குறள் ஓலைச்சுவடியை எல்லிஸ் துரைக்குக் கிடைக்கச் செய்தார் என்று பண்டிதர் எழுதிவைத்தார். 1907இல் பண்டிதர் தொடங்கிய பத்திரிகையில் அதெல்லாம் பதிவானது. பேரன் கையில் பேனா இல்லாமல் போயிருந்தால் கந்தப்பனும் துரை வீட்டு வேலைக்காரர்களில் ஒருவராக மறைந்திருப்பார்.

"அடிமைச் சின்னம்தானே, தூக்கிப் போடு" என்று ஒரு தோழர் சொன்னார். நான் ஒப்பவில்லை. 1930இல் ராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் கோட்டும் சட்டையும் பனியனும் போடக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள், குடிசைகள் எரிந்தன. ஊரில் சட்டையே கூடாது என்றிருந்த காலத்தில் துரை வீட்டுக் கோட்டு ஒருவருக்கு என்னவாக இருந்திருக்கும்? கூலி, தலைநிமிர்வு, ஊரைவிட்டு வெளியேறும் வழி. ஆயா அதைப் பத்திரமாக வைத்திருந்ததில் அந்தப் பெருமையும் இருக்கிறது. ஆனால் ஊர் சட்டை போடாதே என்றது, துரை தன் சின்னம் போட்ட சட்டையைப் போடு என்றார். நம் உடம்பில் எது இருக்க வேண்டும் என்று இரண்டு இடத்திலும் வேறொருவர்தான் முடிவு செய்தார்.

துரை போய்விட்டார், அவர் பழக்கம் போகவில்லை. மாவட்ட ஆட்சியரின் முன்னால் நடக்கும் டபேதாரைப் பாருங்கள். வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்பு டவாலி, அதில் பித்தளை வில்லை. வில்லைச் சேவகன் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். மனிதருக்குப் பெயர் போய், மாட்டிய பட்டையே பெயராகி, "டவாலியைக் கூப்பிடு" என்கிறோம். அதிகாரி வழிநடக்க இது தேவையா? நீதிபதி சந்துரு, தன் முன்னால் செங்கோல் ஏந்திச் செல்லும் டபேதார் வேண்டாம் என்றார். அதனால் அவர் தீர்ப்புகளின் எடை குறைந்துவிடவில்லை.

வெறும் உடுப்புதானே என்று சொல்லாதீர்கள். 2025இல் இதே திண்டிவனம் நகராட்சி அலுவலகத்தில் தலித் ஊழியர் ஒருவர் கவுன்சிலர் காலில் விழும் காணொளியைப் பார்த்தோம். ஊழியர் என்றால் நம் ஆள், நம் ஆள் என்றால் நமக்குப் பணிய வேண்டியவர் என்ற எண்ணம் அலுவலகங்களில் உயிரோடு இருக்கிறது. டவாலி அந்த எண்ணத்துக்குத் தினமும் அரசு செலவில் உடுப்பு மாட்டுகிறது. டபேதார் பணி இருக்கட்டும், சம்பளமும் பதவி உயர்வும் இருக்கட்டும். டவாலி வேண்டாம். மற்ற ஊழியர்களைப் போல, அவர் பெயர் போட்ட அட்டை போதும்.

வில்லைகளும் பொத்தான்களும் அருங்காட்சியகத்துக்குப் போகட்டும். ஆனால் கீழே குடும்பச் சின்னத்தின் விவரம் மட்டும் எழுதாமல், அணிந்தவர் பெயரையும் ஊரையும் கேட்டு எழுத வேண்டும். கேட்டால் சொல்ல இன்னும் சில ஆயாக்கள் இருக்கிறார்கள்.

தம்பி பொத்தானை விற்கவில்லை. போன வாரம் ஆயாவை உட்காரவைத்துத் தாத்தாவின் பெயர், பிறந்த ஊர், மதராசுக்குப் போன கதை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதியிருக்கிறான். உங்கள் வீட்டுப் பெட்டியையும் திறந்து பாருங்கள். பொருளை எடுப்பதற்கு முன்னால் பெரியவர்களிடம் பெயரைக் கேளுங்கள்.

ஜெய்பீம்.