காவிரிக்குக் கீழே ஒரு கணக்கு

காவிரி என்றவுடன் எல்லோருக்கும் நெல் நினைவுக்கு வரும்; நிலவியல் பயில்வோருக்கு எண்ணெயும் நினைவுக்கு வரும். “உங்கள் தஞ்சைக்காரர்கள் எண்ணெய் எடுப்பதை ஏன் தடுக்கிறார்கள்?” என்று இங்கே நம்மைக் கேட்போர் உண்டு. விடை சொல்லுமுன் அந்த நிலத்தை நாம் அறிய வேண்டாமா?

ஏறக்குறைய 14 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்னும் பெருநிலம் பிளவுற்றபோது நமது கீழைக்கரை விரிசல் கண்டது. அரியலூர்–புதுச்சேரி, தஞ்சை, நாகைப் பகுதிகள் பள்ளங்களாகத் தாழ்ந்தன. இடையிடையே மேடுகள் நின்றன. பள்ளங்களில் ஆயிரக்கணக்கான மீட்டர் கனத்துக்கு வண்டல் படிந்தது. அதில் புதைந்த உயிர்ப்பொருள், ஆழத்தில் சுமார் 60 முதல் 120 பாகை செண்டிகிரேட் வெப்பத்தில் எண்ணெயாகி, மணற்பாறைகளிலும் அடிப்பாறை வெடிப்புகளிலும் தங்கிற்று.

1980களில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. 1993இல் நாகைக்கு அருகே பனங்குடியில் ஆண்டுக்கு 5 இலட்சம் டன் சுத்திகரிக்கும் ஆலை எழுந்தது. தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாட்டில் வாங்கும் நாட்டுக்கு இவ்வளம் அற்பமன்று. அதை மறுப்பது அறிவுடைமை ஆகாது.

ஆனால், முறிந்து கிடக்கும் இப்படுகையில் எண்ணெய் சிறுசிறு தேக்கங்களாகவே உள்ளது. ஆகவே கிணறுகள் பல வேண்டும். ஒவ்வொரு கிணறும் வயலைக் கேட்கும். மக்கள் குடிக்கும் நிலத்தடி நீரையும் ஊடுருவியே கீழே செல்லும். குழாயைச் சுற்றிய சிமெண்டுப் பூச்சு பழுதானாலோ, எண்ணெயோடு மேலே வரும் உப்புநீர் வழிந்தாலோ, இழப்பு உழவனுக்கே. எண்ணெய் ஒருமுறை எடுத்தால் தீர்ந்தது. நெல் ஆண்டுதோறும் விளைவது. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தால்தான் கணக்கு நேராகும்.

2017இல் நெடுவாசல் மக்கள் எழுந்ததும், 2020இல் டெல்டாவில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கும் சட்டம் வந்ததும் இந்தக் கணக்கின் பயனே. அச்சட்டம் சரியானது என்பதே என் கருத்து. படுகை கடலுக்கடியிலும் நீள்கிறது. புதிய தேடல் அங்கே நடக்கட்டும், மீனவரைக் கலந்து நடக்கட்டும். பழைய கிணறுகள் தொடர்ந்து இயங்குகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள நீரின் சோதனை முடிவுகள் அந்தந்த ஊர்ச் சாவடியில் தமிழில் ஒட்டப்படட்டும்.

தோழர்களே! உழவனுக்குப் பாறையின் மொழி தெரியாது. பொறியாளருக்கு வயலின் மொழி தெரிவதில்லை. இரண்டும் கற்கும் வாய்ப்பு நமக்கு உண்டு. படிப்பு முடிந்ததும் அந்த இடைவெளியில் போய் நிற்போம்.